கயிற்றோடு இறங்கிய கந்தைத் துணி

வேத வாசிப்பு: எரேமியா 38:1-13, 39:15-18





விசுவாசம் என்று சொன்னவுடனே நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? செங்கடல் பிளந்தது, எரிகோ மதில் விழுந்தது, சிங்கங்களின் வாய் அடைபட்டது. அல்லேலூயா! அந்தத் தேவன் இன்றைக்கும் ஜீவிக்கிறார். ஆனால் இந்த மாதம் நாம் தியானிக்கப் போகிற மனுஷன் கடலையும் பிளக்கவில்லை, மதிலையும் சுற்றவில்லை. வேதம் அவனைப்பற்றிச் சொல்லுவது இரண்டே காரியம்தான். ஒன்று, ராஜாவிடம் போய் ஒரு வார்த்தை பேசினான். இரண்டு, பழந்துணி பொறுக்கினான். அப்படிப்பட்டவனைத்தான் கர்த்தர் விசுவாசி என்று எழுதி வைத்திருக்கிறார். எப்படி என்று வேதத்தைத் திறந்து பார்ப்போம், வாங்க.

வேதாகமக் கல்லூரியில் நான் டிப்ளமோ படித்த நாட்களில், எரேமியா புஸ்தகத்திலிருந்து பரீட்சைக்குக் கேட்பது எல்லாம் எழுபது வருஷம், புது உடன்படிக்கை, இரண்டு கூடை அத்திப்பழம், இவைகள்தான். எபெத்மெலேக் யார் என்று ஒரு மார்க் கேள்விகூட வந்ததில்லை. கர்த்தருடைய பரீட்சையில் அவன் பெயர் வந்திருக்கிறது. அதனால் இன்றைக்கு நாமும் கொஞ்சம் படித்துக்கொள்வோம்.

1. சேற்றில் அமிழ்ந்த ஊழியக்காரன்

அது எருசலேமின் கடைசி நாட்கள். சிதேக்கியா ராஜாவின் ஒன்பதாம் வருஷம் பத்தாம் மாதத்தில் பாபிலோன் சேனை வந்து நகரத்தை வளைத்தது. பதினோராம் வருஷம் நாலாம் மாதத்தில் மதில் இடிந்தது (39:1,2). ஏறக்குறைய ஒன்றரை வருஷ முற்றுகை. கி.மு. 587 அல்லது 586-ல் நகரம் விழுந்தது என்று சரித்திரக்காரர் கணக்கிடுகிறார்கள். அந்த நாட்களில் எரேமியா, "பாபிலோனியரிடத்துக்குப் போகிறவன் பிழைப்பான்" என்கிற பொருளில் பிரசங்கித்தார். கேட்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தேசத்துரோகி என்றார்கள். நாலு பிரபுக்கள் ராஜாவிடம் போய், இவனைக் கொல்ல வேண்டும் என்றார்கள். ராஜாவுக்கு முதுகெலும்பு இல்லை. அவன் உங்கள் கையில்தான் இருக்கிறான், நான் என்ன செய்ய முடியும் என்று கை கழுவிவிட்டான்.

அவர்கள் எரேமியாவைக் கயிறு கட்டி மல்கியாவின் துரவிலே இறக்கினார்கள். எருசலேம் மலைமேல் இருக்கிற ஊர். மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்கப் பாறையைக் குடைந்து துரவு வெட்டுவார்கள். பெரும்பாலும் வாய் குறுகலாக இருக்கும், உள்ளே போகப்போக அகலமாக இருக்கும். ஒருவன் தானாக ஏறி வர வழியே கிடையாது. அன்றைக்கு அதில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது. எரேமியா அதில் அமிழ்ந்தார் என்று வேதம் சொல்லுகிறது. வாளால் வெட்டினால் இரத்தப்பழி. இப்படிப் போட்டுவிட்டால் பசியிலே தானாகச் சாவான். யாரும் கையில் இரத்தம் படாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

2. பெயர் தெரியாத ஒரு வேலைக்காரன்

அரமனையில் ஒரு எத்தியோப்பியன் இருந்தான். எபெத்மெலேக் என்றால் "ராஜாவின் வேலைக்காரன்" என்று அர்த்தம். அவனுடைய தாய் வைத்த பெயர் என்னவோ, வேதத்தில் இல்லை. அந்நிய தேசத்தான். நம்முடைய வேதாகமத்தில் பிரதானி என்று இருக்கிறது. மூலபாஷையில் அந்த வார்த்தைக்கு அண்ணகன் என்றும் பொருள் உண்டு. யூதா கோத்திரமா? இல்லை. ஆசாரியனா? இல்லை. எரேமியாவுக்குச் சொந்தமா? அதுவும் இல்லை.

ஆனால் அவன் கேள்விப்பட்டான் (38:7). எருசலேமில் எத்தனையோ பேர் கேள்விப்பட்டிருப்பார்கள். "ஐயோ பாவம், ஜெபம் பண்ணிக்கொள்வோம்" என்று சிலர் சொல்லியிருக்கலாம். இவன் எழுந்து போனான். ராஜா பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருக்கிற நேரம். அங்கே போய், இந்த மனுஷர் செய்தது தீமை, நகரத்தில் அப்பமும் இல்லை, அவர் பசியால் செத்துப்போவார் என்று நேரடியாகச் சொன்னான். பிரபுக்களின் காதுக்குப் போனால் அடுத்த துரவு இவனுக்குத்தான். கர்த்தர் ராஜாவின் மனதை அசைத்தார். முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தூக்கிவிடு என்று உத்தரவு கிடைத்தது.

3. ராஜாவின் உத்தரவில் இல்லாத துணி

பிரியமானவர்களே, இந்த இடத்தில் நின்று நிதானமாக வாசியுங்கள். உத்தரவு கிடைத்தாயிற்று. ஆள் முப்பது பேர் இருக்கிறார்கள். அவசரமான வேலை. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஓடிப்போய்க் கயிற்றைப் போட்டு, "பிடிச்சுக்கோங்க ஐயா!" என்று இழுப்போம்.

எபெத்மெலேக் நேராகத் துரவுக்குப் போகவில்லை. அரமனையில் பொக்கிஷசாலைக்குக் கீழே இருந்த இடத்துக்குப் போனான். கிழிந்த பழைய துணிகளையும் கந்தைகளையும் எடுத்தான். அவைகளைக் கயிற்றில் கட்டி எரேமியாவிடம் இறக்கினான். இந்தத் துணிகளைக் கயிற்றுக்கு அடியிலே உம்முடைய அக்குளில் வைத்துக்கொள்ளும் என்று சொல்லியும் கொடுத்தான் (38:11,12). எரேமியா அப்படியே செய்தார். பிறகுதான் தூக்கினார்கள்.

ஏன் இந்தத் துணி? சேறு லேசில் ஆளை விடாது. இழுக்க இழுக்கக் கீழே பிடிக்கும். எரேமியாவோ பசியால் மெலிந்த மனுஷன், எலும்பின்மேல் தோல். மேலே முப்பது பேர் சேர்ந்து இழுத்தால் கயிறு அக்குளை அறுத்துவிடும். உயிர் பிழைப்பார், ஆனால் புண்ணோடு வருவார்.

நம்ம ஊரில் கட்டட வேலைக்குப் போகிற சித்தாள் அக்காமாரைப் பாருங்கள். செங்கல்லைத் தூக்குவதற்கு முன்னே அவர்கள் கை தேடுவது சும்மாட்டுத் துணியைத்தான். சும்மாடு செங்கல்லைச் சுமக்காது, தலையைக் காக்கும். எபெத்மெலேக் இறக்கினது ஒரு சும்மாடு. இன்னொருவருடைய அக்குளில் கயிறு எப்படி உறுத்தும் என்று தன் அக்குளில் யோசித்துப் பார்த்தவனுக்குத்தான் அந்தத் துணி ஞாபகம் வரும். மற்றவர் நமக்கு எப்படிச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறோமோ அப்படியே நாமும் செய்யவேண்டும் என்று ஆண்டவர் போதித்தது (மத்தேயு 7:12) இதைத்தானே?

இன்னொன்றையும் கவனியுங்கள். துணியை அவன் வீசி எறியவில்லை. எறிந்திருந்தால் சேற்றில் விழுந்து நனைந்திருக்கும். கயிற்றில் கட்டி இறக்கினான். கந்தைத் துணிதான், ஆனால் கொடுத்த விதம் ராஜமரியாதை.

4. கர்த்தர் இதற்கு வைத்த பெயர்

பிறகு நடந்தது 39-ம் அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. நகரம் விழப்போகிற சமயம். கர்த்தர் எரேமியாவிடம், எத்தியோப்பியனுக்கு ஒரு செய்தி சொல்லு என்கிறார். அவன் பயப்படுகிற மனுஷருடைய கையில் அவனை ஒப்புக்கொடுக்கமாட்டேன், பட்டயத்துக்குத் தப்புவிப்பேன் என்கிறார். காரணம் என்ன சொல்லுகிறார், 18-ம் வசனத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள். "நீ இரக்கமுள்ளவன்" என்றா? "நீ தைரியசாலி" என்றா? இல்லை. அவன் கர்த்தரை நம்பினான், அதுதான் காரணம்!

அல்லேலூயா! அவன் ஜெபித்ததாக ஒரு வசனம் இல்லை. சாட்சி சொன்னதாக ஒரு வசனம் இல்லை. ராஜாவிடம் பேசினதையும், கயிறு இறக்கினதையும், துணி பொறுக்கினதையும் பார்த்துவிட்டு, "இது என்மேல் வைத்த விசுவாசம்" என்று கர்த்தர் சொல்லுகிறார். கிரியையில்லாத விசுவாசத்தைப்பற்றி யாக்கோபு 2:15,16-ல் சொன்ன உதாரணமும் உடுப்பும் சாப்பாடும்தான் என்பதை மறந்துவிடாதிருங்கள்.

ஒரு ஆச்சரியமான செய்தி சொல்லுகிறேன். எருசலேமில் தாவீதின் நகரம் என்கிற பகுதியில் எய்லாத் மசார் என்கிற தொல்லியல் அறிஞர் நடத்திய அகழாய்வில், 2005-ம் வருஷம் ஒரு களிமண் முத்திரை கிடைத்தது. அதில் செலேமியாவின் குமாரன் யூகால் என்ற பெயர் இருக்கிறது. 2008-ல் இன்னொன்று கிடைத்தது. அதில் பஸ்கூரின் குமாரன் கெதலியா என்ற பெயர். எரேமியா 38:1-ஐ வாசித்துப் பாருங்கள். தீர்க்கதரிசியைச் சாகடிக்கச் சொன்ன அந்த நாலு பிரபுக்களில் இரண்டு பேருடைய பெயர் இவைகள்தான்! அவர்கள் முத்திரை வைத்திருந்த பெரிய மனுஷர். நம்முடைய எபெத்மெலேக்கின் முத்திரை எதுவும் கிடைத்ததாக நான் வாசித்ததில்லை. வேலைக்காரனுக்கு முத்திரை எங்கே? ஆனாலும் கர்த்தருடைய வாயிலிருந்து வாக்குத்தத்தம் பெற்றவன் அவன்தான்.

5. நம்முடைய ஆண்டவரின் வழி

இது பழைய ஏற்பாட்டில் மட்டும் உள்ளதா? இல்லை. யவீருவின் மகளை ஆண்டவர் உயிரோடே எழுப்பினார். எல்லாரும் பிரமித்து நின்றார்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பசிக்கும் என்று ஞாபகம் வந்தது யாருக்கு? பெற்ற தாய்க்கு அல்ல, ஆண்டவருக்கு! சாப்பிடக் கொடுங்கள் என்றார் (மாற்கு 5:43). உயிர்த்தெழுந்த பிறகு, ராத்திரி முழுவதும் வலை வீசிக் களைத்து வந்த சீஷருக்குக் கரையிலே கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாக இருந்தது (யோவான் 21:9). மரணத்தை ஜெயித்த கரங்கள் காலைப் பலகாரம் செய்து வைத்திருந்தது, பாருங்கள்!

நியாயப்பிரமாணத்தையும் பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போனால் கடன்காரனுடைய வீட்டுக்குள்ளே நுழையக்கூடாது, வெளியிலேயே நிற்க வேண்டும். அவனே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் (உபாகமம் 24:10,11). ஏன்? அந்த வீட்டில் மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அவன் தலை குனியக்கூடாது. கடன் திரும்ப வரவேண்டும் என்பது கயிறு. வாசலில் நிற்பது துணி. இன்றைக்குக் குழுக்கடன் தவணைக்காக வாசலில் நின்று ஊருக்கே கேட்கக் கத்துகிறவர்களைப் பார்க்கிறோம். விசுவாசிகளும் சபை முடிந்தவுடனே, நாலு பேர் நிற்கும்போது, "பிரதர், அந்த ஐநூறு என்னாச்சு?" என்று கேட்கலாமா?

6. நம்முடைய சபையில் துணி எங்கே?

இப்போது நம்மிடத்துக்கு வருவோம். யாரையும் குற்றப்படுத்த அல்ல. சேர்ந்து கற்றுக்கொள்ளவே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போகிறோம். நல்லது, அது கயிறு. ஆனால் ஜெனரல் வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்தவர் கண் அயர்ந்திருக்கிறார். மெதுவாக ஜெபித்தாலும் கர்த்தருக்குக் கேட்கும். நோயாளியின் துணைக்கு இருக்கிற அம்மா மூன்று நாளாகக் குளிக்காமல் இருப்பார்கள். "நீங்க போய்க் குளிச்சு, ஒரு வாய் சாப்பிட்டு வாங்க அக்கா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று ஒரு மணி நேரம் உட்காருங்கள். அதுதான் அக்குளில் வைக்கிற துணி.

கிறிஸ்துமஸ் மாதம் புடவை கொடுக்கிறோம். "விதவைகள் எல்லாரும் முன்னாடி வாங்க" என்று மைக்கில் கூப்பிடுகிறோம். போன வருஷம்தான் புருஷனை அடக்கம் பண்ணின சகோதரி, அந்த வார்த்தையைக் கேட்டு, அத்தனை பேர் பார்க்க எழுந்து நடக்க வேண்டும். போட்டோவும் எடுக்கிறோம். புடவை புதிதுதான்; நடந்து வருகிற பத்து அடி அவர்களை அறுக்கிறது. எங்கள் சபையில் சகோதரிகள் இரண்டு இரண்டு பேராக வீட்டுக்குப் போய், உட்கார்ந்து பேசிவிட்டு, கையில் கொடுத்து வருகிறார்கள். ஒரு பாட்டி சொன்னார்கள்: "புடவை கெடக்கட்டும்மா, நீங்க வந்து உக்காந்தீங்களே, அது போதும்."

உபவாச ஜெபம் முடிந்து வீட்டுக்கு வருகிற சகோதரரே, உங்கள் மனைவியும் உங்களோடு உபவாசம்தான் இருந்தார்கள். வந்தவுடன் "காபி எங்கே?" என்று கேட்பதற்கு முன் அடுப்பை நீங்கள் பற்ற வைத்தால் பரிசுத்த ஆவியானவர் துக்கப்படமாட்டார்!

அடுத்தது சத்தம். போன மார்ச் மாதம் எங்கள் ஆராதனை ஹாலுக்குப் பக்கத்து வீட்டு அம்மா என்னைத் தேடி வந்தார்கள். வேறு மார்க்கத்தார். சண்டைக்கு வரவில்லை. "சார், பொண்ணு பிளஸ் டூ. பரீட்சை முடியற வரைக்கும் அந்தப் பொட்டியக் கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமா?" என்று கேட்டார்கள். சபையில் சொன்னேன். மூத்த விசுவாசி ஒருவர் எழுந்து, "பாஸ்டர், கெம்பீர சத்தத்தோட துதிக்கச் சொல்லித்தானே வேதம் சொல்லுது? மனுஷருக்குப் பயந்துட்டோமா?" என்றார். அவர் வைராக்கியமுள்ள நல்ல மனுஷன். நான் சொன்னேன்: "அண்ணே, பயத்துல குறைச்சா அது தோல்வி. அந்தப் பிள்ளைக்காகக் குறைச்சா அது துணி. துதிய நிறுத்தலண்ணே, கயிறு அப்படியே இருக்கு." அந்த மாதம் முழுவதும் பெட்டி இல்லாமல், கைத்தட்டிப் பாடினோம். அந்த அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார். ஜன்னலை அடைத்ததும் அவர்தான்!

இதில் சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கிறார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஊருக்குக் கேட்க ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. அதே வருஷம் ஆகஸ்ட் 30-ம் தேதி, சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் அந்தக் குடியிருப்பு நலச்சங்கத்துக்கும் நடந்த வழக்கில், ஒலிபெருக்கியால் மற்றவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி சொல்லிக் குறைப்பது ராஜாவின் உத்தரவு. உத்தரவு வருவதற்கு முன்னே, அயலாருடைய வீட்டில் யார் படிக்கிறார்கள், யார் வியாதியாய் இருக்கிறார்கள் என்று விசாரித்துக் குறைப்பதே எபெத்மெலேக்கின் துணி.

7. இரண்டு எச்சரிப்புகள்

முதலாவது, துணியை மட்டும் இறக்கிவிட்டுக் கயிற்றை மறந்துவிடாதிருங்கள். பழந்துணி மாத்திரம் வந்திருந்தால் எரேமியா குழியிலேயே இருந்திருப்பார், அக்குளில் துணியோடு! நல்லவனாய் நடந்துகொண்டால் போதும், சுவிசேஷம் சொல்ல வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பாவக் குழியிலிருந்து தூக்குகிறது இயேசுவின் இரத்தமும் அவருடைய நாமமுமே. அந்தக் கயிறு அறுக்காதபடி அன்பைச் சுற்றி இறக்குங்கள். அன்பு மரியாதை தப்பி நடக்காது என்று 1 கொரிந்தியர் 13:5 போதிக்கிறது.

இரண்டாவது, துணியைத் தூண்டில் ஆக்காதிருங்கள். பக்கத்து வீட்டு அம்மா இன்றுவரை சபைக்கு வரவில்லை. அந்தப் பெண் நல்ல மார்க் வாங்கி நர்ஸிங் சேர்ந்தது. அவர்கள் கும்பிடுகிற இடத்திலேயே நன்றி சொல்லிக் கும்பிட்டார்கள். "பாஸ்டர், பலன் இல்லையே" என்று ஒருவர் கேட்டார். பலன் நம் கையிலா இருக்கிறது? எபெத்மெலேக் துணி இறக்கினதால் எருசலேம் தப்பவில்லை. மதில் இடியத்தான் இடிந்தது. ஆனாலும் ஒரு மனுஷன் புண்ணில்லாமல் வெளியே வந்தான். மத்தேயு 25-ல் நீதிமான்கள், ஆண்டவரே, எப்பொழுது இதைச் செய்தோம் என்று கேட்கிறார்கள். செய்ததே அவர்களுக்கு ஞாபகம் இல்லை! அவர்கள் கணக்கு வைக்கவில்லை, ஆண்டவர் வைத்திருந்தார். ஒரு கலசம் தண்ணீருக்கும் பலன் உண்டென்று சொன்னவர் அவர்தானே (மத்தேயு 10:42)?

தேவபிள்ளையே, "எனக்குப் பாட வராது, பிரசங்கிக்க வராது, காணிக்கை போடப் பணமும் இல்லை" என்கிறாயா? எபெத்மெலேக் பொக்கிஷசாலைக்குக் கீழே போனான். பொக்கிஷத்தைத் தொடவில்லை, கந்தையைத்தான் எடுத்தான். உன் வீட்டில் கந்தை இல்லையா? பஸ்ஸில் விட்டுக்கொடுக்கிற இடம், தண்ணீர்க் குழாயில் முன்னே விடுகிற ஒரு குடம், காது மந்தமான தாத்தாவுக்கு இரண்டாம் முறை எரிச்சலில்லாமல் சொல்லுகிற பதில், அக்கம்பக்கத்தார் வாசலை மறைக்காமல் தள்ளி நிறுத்துகிற வண்டி. கர்த்தர் கையில் இவைகளெல்லாம் ஊழியமே.

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

1. இந்த வாரம் நான் யாருக்காவது உதவி செய்து, செய்த விதத்தினால் அவர்களைப் புண்படுத்த வாய்ப்பிருக்கிறதா? அதை எப்படி மாற்றலாம்?

2. நம்முடைய ஜெபக்கூட்டத்தால் அயலாருக்கு உண்டாகும் சிரமம் என்ன என்று அவர்களிடமே கேட்டிருக்கிறோமா?

3. நம் வீட்டில் அதிகமாய்ச் சுமக்கிறவர் யார்? அவருக்கு இன்றைக்கு என்ன சும்மாடு கொடுக்கலாம்?

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, சேற்றில் அமிழ்ந்த உம்முடைய ஊழியக்காரனுக்குக் கயிற்றோடு துணியும் அனுப்பினவரே, உமக்கு ஸ்தோத்திரம். பெரிய காரியங்களைத் தேடி ஓடுகிற எங்கள் கண்களைச் சின்ன காரியங்களுக்கும் திறந்தருளும். எங்கள் வாய் சொல்லுகிற சத்தியத்தை எங்கள் கை அறுக்காதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.

அவருடைய பணியில்,
உங்கள் சகோதரன்